கிளெனிஸ் ஹாரோவரின் எண்ணிக்கை

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கல்கெர்ரியில் அரை கிலோ கொத்துக்கறி வாங்கக் கால் மணி நேரம் ஆகும். கறி வெட்டுவதற்கு ஆகிற நேரமல்ல, கிளெனிஸ் ஹாரோவர் பேசி முடிக்க ஆகிற நேரம். முப்பத்தோரு வருடமாக ஊர் இறைச்சிக் கடையில் தராசுக்குப் பின்னால் நிற்பவள் அவள்தான். அறுபத்தொரு வயது. ஆள் குட்டை, குரல் மட்டும் தானியக் களஞ்சியம் வரை கேட்கும். மற்ற மாதங்களில் அவளிடம் வெறும் கறி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இறுதிச் சுற்று ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் கறியோடு கருத்தையும் சேர்த்துத்தான் பொட்டலம் கட்டுவாள்.

ஊர் இருக்கிற இடம் அப்படி. இங்கிருந்து வடக்கே போனால் ஃபுட்டி, அதாவது கால்பந்து, என்றால் ரக்பி வகையான லீக். தெற்கே போனால் ஃபுட்டி என்றால் பெரிய நீள்வட்ட மைதானத்தில் உதைத்தும் பிடித்தும் ஆடுகிற ரூல்ஸ். நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். ஒரே வீட்டில் அண்ணன் லீக் ஆடுவான், தம்பி ரூல்ஸ் ஆடுவான், அம்மா இரண்டு பேர் சட்டையையும் ஒன்றாகத் துவைத்துப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பாள். கிளெனிஸ் வாயைத் திறக்காமல் இருக்கத் தெரியாதவள். ரூல்ஸ்தான் ஆட்டம், மற்றதெல்லாம் உடற்பயிற்சி என்பது அவள் கட்சி.

என் பெயர் நெவ். குயின்ஸ்லாந்தில் பிறந்து, லீக் ஆடி மூக்கை உடைத்துக்கொண்டு, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியதால் இங்கே வந்து முப்பத்தெட்டு வருடமாகிறது. களஞ்சியத்தில் லாரி எடை போட்டு ஓய்வும் பெற்றாயிற்று. அவள் கணக்கில் நான் இன்னும் நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவன்தான்.

"வழி விடுங்கப்பா, லீக்காரன் வந்துட்டான்," என்பாள், நான் கடை வாசலில் தலையைக் காட்டியதும். "அஞ்சு தடவ செவுத்துல போய் முட்டிக்குவாங்க. ஆறாவது தடவ பந்த எதிராளிகிட்டயே ஒதச்சுக் குடுத்துருவாங்க. இதுக்கு எண்பது நிமிஷம், டிக்கெட் வேற. எங்க வீட்டுக் கெடா இதையே சும்மா செய்யும்."

"உங்க ஆட்டத்துல மட்டும் என்ன வாழுதாம்? கோலுக்குப் பக்கத்துல போனாலே ஒரு புள்ளி. ஃபெயிலானவனுக்கு மிட்டாய் குடுக்குற பள்ளிக்கூடம்!"

"கிட்ட வரைக்கும் வந்தவன வெறுங்கையோட அனுப்ப நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா? சரி, உனக்கு எத்தன சாசேஜ்?"

ரக்பியின் இன்னொரு வகையான யூனியன் பற்றிக் கேட்டால், "அது வக்கீல் வீட்டுப் பசங்க ஆட்டம். ஒருத்தர் மேல ஒருத்தர் படுத்துக்குவாங்க, நடுவர் மட்டும் நின்னுக்கிட்டு சட்டம் படிப்பாரு," என்பாள். உலகம் கால்பந்து என்கிற சாக்கர் என்றால் இன்னும் மோசம். அவள் தங்கை மகன் ஆடுகிறான் என்று ஒருமுறை போனாளாம். "தொண்ணூறு நிமிஷம் ஒக்காந்திருந்தேன். கோல் ஒண்ணும் விழல, ஆளுங்கதான் விழுந்துக்கிட்டே இருந்தாங்க. கடைசில சமம்னு சொல்லி எல்லாரும் கை குலுக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் எதுக்குய்யா வந்தீங்க?"

இவ்வளவு திட்டுகிறவள் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டாள். வெள்ளிக்கிழமை லீக், சனிக்கிழமை ரூல்ஸ், ஞாயிறு எது வந்தாலும் அது. சிட்னி லீக் இறுதிச் சுற்றில் எவன் எந்த நிமிடத்தில் பந்தைத் தவறவிட்டான் என்று எனக்கே அவள்தான் சொல்வாள். கேட்டால், "பாக்காம எப்படித் திட்டுறது?" என்பாள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஆனால் சுற்று வட்டாரத்தில் அவளைத் தெரிந்துவைத்திருப்பது வாய்க்காக அல்ல. கண்ணுக்காக. கிளெனிஸ் ஆட்களை எண்ணுவாள்.

ரூல்ஸில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு பேர். மைதானமோ ஒரு கோதுமை வயல் அளவு. மாற்று ஆட்டக்காரர்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள். ஒருவன் வெளியே வருமுன் இன்னொருவன் உள்ளே ஓடிவிட்டால் பத்தொன்பது ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. எதிர் அணித் தலைவனுக்குச் சந்தேகம் வந்தால் நடுவரிடம் எண்ணச் சொல்லலாம். ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் நடுவில் வரிசையாக நிற்கவைத்து எண்ணுவார்கள். ஒரு தலை கூடுதலாக இருந்தால் அந்த அணி அதுவரை எடுத்த புள்ளிகள் மொத்தமும் போச்சு, பூஜ்யம். எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டாலோ, எண்ணச் சொன்னவனுக்குத் தண்டனை, எதிராளிக்குக் கோலருகே இலவச உதை. அதனால் யாரும் அவ்வளவு லேசில் எண்ணச் சொல்லமாட்டார்கள்.

கிளெனிஸ் ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதியிலும் இரண்டு முறை, இரண்டு அணியையும் எண்ணி, சத்தமாகச் சொல்லிவிடுவாள். "அவங்க பதினெட்டு! நம்மாளு பதினெட்டு!" பன்னிரண்டு சாசேஜ் கேட்டால் பார்க்காமலே பன்னிரண்டு அள்ளுகிற கை, கண்ணும் அப்படித்தான். எல்லோரும் கேலி செய்வார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தடவை மட்டும் கேலி செய்யவில்லை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த சின்ன அணி, சீசன் முழுக்க ஒரு ஆட்டமும் ஜெயிக்காதது, எங்களைவிட முன்னால் இருந்தது. "பத்தொன்பது!" என்று கத்தினாள் கிளெனிஸ். எங்கள் தலைவன் எண்ணச் சொன்னான். பத்தொன்பதுதான். நாற்பத்தாறு புள்ளிகளைப் பலகையிலிருந்து கழற்றினார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் புல்லில் உட்கார்ந்து அழுதார். எங்கள் ஆட்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிளெனிஸ் மட்டும் அசையவில்லை.

"சட்டம்னா சட்டம். நாளைக்கு நம்ம பசங்க பத்தொன்பது நின்னாலும் இதே தொண்டைதான் கத்தும்," என்றாள்.

அன்று சும்மா ஆட்டம் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெக்ஸ் டிப்பெட்டும் இதைக் கேட்டார். ரெக்ஸ் எங்கள் ஊர்க்காரர் அல்ல. நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெர்ரின்டாவில் கோதுமையும் ஆடும் வைத்திருக்கிறார். அறுபத்தொன்பது வயது, மனைவி இல்லை, மகள் ஜனீனும் அவள் பிள்ளைகளும் அதே பண்ணையில்தான் இருக்கிறார்கள். பெர்ரின்டா அணியின் பழைய தலைவர். எங்கள் மைதானத்தில் அவர்கள் ஆடும்போதெல்லாம் கிளெனிஸின் காருக்குப் பக்கத்தில்தான் தன் வண்டியை நிறுத்துவார். இருவரும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து நான்கு கால் பகுதியும் சண்டை போடுவார்கள். நடுவில் நான்.

போன வருடம் வட்டார இறுதி ஆட்டம் கல்கெர்ரிக்கும் பெர்ரின்டாவுக்கும். முறை வைத்ததில் எங்கள் மைதானத்துக்கு வந்தது. எங்களுக்குக் கோப்பை கிடைத்து இருபத்தெட்டு வருடம். முந்தின நாளே கிளெனிஸ் காரை மைதானக் கோட்டோரம் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். காலை ஏழு மணிக்கெல்லாம் ரெக்ஸ் வந்து பக்கத்து இடத்தைப் பிடித்தார்.

"என்ன ரெக்ஸ், தோக்குறதுக்கு இவ்வளவு சீக்கிரமா வந்துட்ட?"

"உன் மூஞ்சி எப்படிச் சுருங்குதுன்னு முழுசாப் பாக்கணும்ல, தாயே."

"நெவ், இந்தாளுக்கு ஒரு மீட் பை வாங்கிக் குடு. அழும்போது வயிறாவது நெறஞ்சிருக்கட்டும்."

ஆட்டம் அப்படி இப்படி என்று போனது. கடைசிக் கால் பகுதியில் பத்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் நான்கு புள்ளி பின்னால். எங்கள் ட்ராய் பெக்குக்குப் புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். அவனுக்குப் பதிலாக ஒருவனை அனுப்பினார்கள். கட்டுப் போட்டதும் ட்ராய்க்குப் பொறுக்கவில்லை, யாரையும் கேட்காமல் உள்ளே ஓடிவிட்டான். அவனுக்குப் பதிலாகப் போனவனும் உள்ளேயே நின்றான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், கிளெனிஸின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன, திடீரென்று என் முழங்கையில் அவள் நகம் பதிந்தது.

"நெவ்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்தக் குரல் அவளிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "பத்தொன்பது. நம்ம பக்கம். பெஞ்சுக்கு ஓடு. ஒருத்தன வெளிய இழுக்கச் சொல்லு."

எழுந்தேன். முட்டி ரெண்டும் என்னைத் திட்டின. அதே நேரம் ரெக்ஸ் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"கிளெனிஸ், எனக்கு ஒண்ணு கூட வருதே. உங்க பசங்க எத்தன பேரு?"

பெர்ரின்டாவின் தலைவன் எங்களுக்கு இருபது அடியில்தான் நின்றுகொண்டிருந்தான். ரெக்ஸ் ஒரு குரல் கொடுத்தால் போதும். அதுவரை நாங்கள் எடுத்த எழுபத்திமூன்று புள்ளி, இருபத்தெட்டு வருடம், எல்லாம் அந்த ஒரு குரலில் இருந்தது.

"பதினெட்டு," என்றாள் கிளெனிஸ்.

"நல்லா எண்ணுனியா?"

"பதினெட்டு, ரெக்ஸ்."

அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நான் கோட்டோரம் ஓடினேன். ஓடினேன் என்று பெரியமனசு பண்ணிச் சொல்கிறேன். பாதி வழி போவதற்குள் பந்து நாங்கள் அடிக்கிற கோல் பக்கம் போய்விட்டது. காவலுக்கு யாரும் இல்லாமல் தனியாக நின்ற எங்கள் ஆள் ஒருவன் பிடித்து உதைத்தான். நேராக நடுவில் போனது, ஆறு புள்ளி. மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை கார்களும் ஹார்ன் அடித்தன. நான் போய்ச் சொல்ல, அந்தக் கூச்சலில் ட்ராயை வெளியே கூப்பிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. அதன்பின் பெர்ரின்டாவுக்கு ஒரு கோல் குறி தப்பி ஒரே ஒரு புள்ளி கிடைத்தது. சைரன் ஊதியபோது ஒரு புள்ளியில் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

ரெக்ஸ் எழுந்து வந்து கிளெனிஸின் கையைக் குலுக்கினார். "போய்க் குடி, தாயே. இருபத்தெட்டு வருஷத் தாகம்," என்றார். அவள் கிளப்புக்கு வரவில்லை. நாற்காலியை மடித்துக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கடையில் அவள் கறி மட்டும் விற்றாள். தொண்டை கட்டிவிட்டது, அவ்வளவு கத்தினால் கட்டாதா என்று ஊர் பேசிக்கொண்டது. சிட்னியில் லீக் அரையிறுதி, மெல்பர்னில் ரூல்ஸ் அரையிறுதி, ஆள் மாற்றி ஆள் வந்து வாயைக் கிண்டிப் பார்த்தார்கள். நான் போய், "இந்த வாரம் எங்க ஆளுங்க செவுத்தையே ஒடச்சுட்டாங்க பாத்தியா?" என்றேன். "பாக்கல," என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது.

வியாழக்கிழமை மதியம் கடையைச் சாத்தினதும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பெர்ரின்டாவுக்குப் போறேன். வர்றியா?"

"எதுக்கு? களத்துல எண்ணுனாத்தான் எண்ணிக்கை. சைரன் ஊதுனதுக்கு அப்புறம் நீ போய்க் கால்ல விழுந்தாலும் கோப்பை அங்க போகாது."

"கோப்பையக் குடுக்கவா போறேன்?"

"எல்லாரும் செய்யறதுதான், கிளெனிஸ். உன் எடத்துல யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க."

"யாரோ சொல்லல. நான் சொன்னேன்."

வண்டியை நான்தான் ஓட்டினேன். வழி முழுக்க இரண்டு பக்கமும் கனோலா வயல் மஞ்சளாகப் பூத்திருந்தது. நாற்பது கிலோமீட்டர் கிளெனிஸோடு பேச்சில்லாமல் போனேன் என்றால் என் மனைவியே நம்பமாட்டாள்.

ரெக்ஸ் இயந்திரக் கொட்டகையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ஜெயிச்சவங்க வீடு தேடி வந்து வேற கடுப்பேத்துவீங்களா?" என்றபடி கெட்டிலைப் போட்டார். அவருடைய வண்டி கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"வித்துரலாம்னு இருக்கேன், மாப்ளே. சாவிய ஜனீன்கிட்ட குடுத்துட்டேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"கண்ணு போச்சு. அவ ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருந்தா, நான்தான் கேக்கல. பேரப் பிள்ளைங்கள வேற பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போறேன் இல்லையா? அன்னிக்கு மைதானத்துல மூணு தடவ எண்ணுனேன். மூணு தடவையும் பத்தொன்பது. இருபது அடியில நிக்கிறவன் ஒருத்தனா ரெண்டு பேரான்னே தெரியலன்னா, ரோட்டுல குறுக்க வர்ற பிள்ள எப்படித் தெரியும்?" கோப்பைகளில் டீயை ஊற்றினார். "நல்லவேள நீ பக்கத்துல இருந்த, கிளெனிஸ். இல்லன்னா நான் கத்தியிருப்பேன். தப்பா எண்ணச் சொல்லி, எங்க பசங்களுக்கு நானே குழி தோண்டியிருப்பேன். ராத்திரி வந்து ஜனீன்கிட்ட சொன்னேன், கிளெனிஸ் பதினெட்டுன்னா பதினெட்டுதான், இனிமே நான் ஓட்டலன்னு."

பண்ணையிலிருந்து தார் ரோட்டுக்கே ஒன்பது கிலோமீட்டர். வண்டி இல்லாமல் அந்த ஆள் அங்கே என்ன செய்வார் என்று யோசித்துக்கொண்டே டீயைக் கீழே வைத்தேன்.

கிளெனிஸ் டீயைத் தொடவே இல்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"பத்தொன்பதுதான், ரெக்ஸ்."

"என்னது?"

"பத்தொன்பது பேரு நின்னாங்க. எனக்குத் தெரியும். நீ கேக்குறதுக்கு முன்னாடியே நான் எண்ணிட்டேன். தெரிஞ்சேதான் பதினெட்டுன்னு சொன்னேன்."

நாங்கள் ஜெயித்த கோப்பையைப் பற்றி ஏதாவது கேட்பார், கத்துவார், வெளியே போ என்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ என் கண்ணு?"

"உன் கண்ணுல ஒண்ணும் இல்ல."

ரெக்ஸ் ஒரு பழைய டிரம் மேல் உட்கார்ந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் புல்லில் உட்கார்ந்து அழுத பயிற்சியாளர்கூட எனக்கு இவ்வளவு பாவமாகத் தெரியவில்லை. கிளெனிஸின் கண்ணில் நீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

"உள்ள போ," என்றார் கடைசியில். "ஜனீன்கிட்ட நீயே சொல்லு. நான் போய்ச் சொன்னா, வண்டி ஓட்டறதுக்காகக் கதை விடுறேன்னு சொல்லுவா."

கிளெனிஸ் வீட்டை நோக்கி நடந்தாள். கம்பி வலைக் கதவு திறந்து மூடியது. களஞ்சியம் வரை கேட்கும் அந்தக் குரல் இருபது அடி தள்ளியிருந்த எங்களுக்குக் கேட்கவில்லை.

கொட்டகையில் நானும் அவரும் மட்டும். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "அவ பாவம், ரெக்ஸ், ஒரு வாரமா சாப்பிடல, தூங்கல," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டப்போ நீயும் அங்கதான் இருந்த."

"இருந்தேன்."

"எழுந்து நின்ன. எங்கயோ ஓடுன. மீட் பை வாங்கப் போறன்னு நெனச்சேன்."

இத்தனை நாளும் இதை அவள் சொன்ன பொய் என்றே மனதில் வைத்திருந்தேன், அவளோடு துணைக்கு வந்தவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன்.

கம்பி வலைக் கதவு மறுபடி திறந்தது. ஜனீன் கையில் சாவியோடு வந்தாள், முகம் சிவந்திருந்தது, எங்களைப் பார்க்காமல் அப்பாவின் உள்ளங்கையில் சாவியை வைத்தாள். ரெக்ஸ் எழுந்து வண்டி மேலிருந்த தார்ப்பாயைத் தானே இழுக்கத் தொடங்கினார். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன்.

"விடு, நெவ்," என்றார். "நான் பாத்துக்குறேன்."